அமிகா 500-ல் மல்டிடாஸ்கிங்: உபயோகமா, உதாரா?

பச்சைமேசை:

பழைய கணினிகளைப் பற்றி எந்தத் திரி ஓடினாலும் நடுவில் ஒரு அமிகா (கொமடோரின் வீட்டுக் கணினி) ரசிகர் வந்து "எங்களிடம் 1985-லேயே மல்டிடாஸ்கிங் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரே நேரத்தில் பல புரோகிராம் ஓட்டும் வசதி. இருந்தது, யார் இல்லை என்றார்கள்? அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ஆளைக் காணோம்.

நேராகவே கேட்கிறேன். 1987-ல் வந்த அமிகா 500-ஐ எடுத்துக்கொள்வோம். 512 கேபி நினைவகம், 880 கேபி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று, ஹார்ட் டிஸ்க் கிடையாது. அமிகாவின் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்ச் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு படம் வரையும் டீலக்ஸ் பெயின்ட் மாதிரி உருப்படியான புரோகிராம் ஒன்று ஏறினாலே மூச்சு முட்டும். இரண்டாவதை எங்கே வைப்பது? எப்படியோ இடுக்கில் செருகினாலும் இரண்டும் ஒரே டிரைவைப் பிடித்து இழுக்கும். தலை வட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 'கரக் கரக்' என்று ஓடி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட அதிகம் தின்னும்.

நான் அடாரிக்காரன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1040 எஸ்டி. 8 மெகாஹெர்ட்ஸ், 1 எம்பி, ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம். கால்குலேட்டர், கடிகாரம் போன்ற சில்லறைச் சாமான்கள் 'டெஸ்க் அக்சஸரி' என்ற பெயரில் மெனுவில் ஆறு வரை உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு அது போதும். அமிகா மாதிரி 7 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்தை இரண்டாகப் பங்கிட்டால் மூன்றரை மூன்றரையாகத்தான் வரும், ஏழு ஏழாக வராது.

டிராப்டோர்_512:

உங்கள் கடைசி வரியில்தான் பிழை. இரண்டு புரோகிராமும் எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மூன்றரை சரி. வீட்டுக் கணினி பெரும்பாலும் எதற்காவது காத்துக்கொண்டுதான் இருந்தது. விசையை நீங்கள் அழுத்துவதற்கு, பிரிண்டர் அடுத்த எழுத்தைக் கேட்பதற்கு, மோடத்தில் அடுத்த எழுத்து வருவதற்கு. கார்ல் சாசென்ராத் எழுதிய, அமிகா சிஸ்டத்தின் மையமான எக்ஸெக், காத்திருக்கும் வேலையை ஓரமாகத் தூங்கப் போட்டுவிடும். தூங்குகிற வேலை பிராசஸரில் ஒரு பங்கும் கேட்பதில்லை. ஆகவே ஏழில் ஏறக்குறைய ஏழும் விழித்திருப்பவனுக்கே.

வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். 1990, ஜெர்மனி. நொடிக்கு 2400 பிட் மோடம். அதாவது நொடிக்குச் சுமார் 240 எழுத்து. முழு ஃபுளொப்பி ஒன்றை இறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த ஒரு மணித்தியாலம் அடாரிக்காரர் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார். நான் அதே இயந்திரத்தில் கடிதம் எழுதினேன்.

இன்னொன்று. எங்கள் ஊர்ச் சங்கத்து விளையாட்டு விழாவுக்குத் துண்டுப் பிரசுரம். அந்த நேரம் என்னிடம் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை. டீலக்ஸ் பெயின்டில் ஒவ்வொரு எழுத்தாகக் கீறி, வெட்டி, ஒட்டித்தான் செய்தேன். படமாக அச்சடிக்க வேண்டும் என்பதால் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒரு பக்கத்துக்கு நிமிடக் கணக்கில் அழும். பெயின்ட் புரோகிராம் அந்த நேரம் அசையாது, உண்மை. ஆனால் அதன் திரையை மவுசால் பிடித்துக் கதவுத் திரை மாதிரிக் கீழே இழுத்துவிட்டால் பின்னால் ஒர்க்பெஞ்ச் இருக்கும். இரண்டு திரைக்கும் வேறு வேறு ரெசொலூஷன், வேறு வேறு நிறங்கள், ஒரே மொனிட்டரில். அங்கே நோட்பேடைத் திறந்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பச்சைமேசை:

ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பிரசுரம் செய்தபோது இயந்திரத்தில் எவ்வளவு நினைவகம்? உங்கள் பெயரே காட்டிக்கொடுக்கிறதே.

டிராப்டோர்_512:

ஓம், அமிகாவின் வயிற்றுக் கதவை (அதுதான் டிராப்டோர்) திறந்து இன்னொரு 512 கேபி செருகியிருந்தேன். மொத்தம் 1 எம்பி. உங்கள் 1040-இல் இருந்த அதே 1 எம்பிதான். அதில் என்ன குற்றம்?

பச்சைமேசை:

குற்றம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது கடையில் வாங்கியபடி வந்த 500-ஐப் பற்றி. கூடுதல் காசு போட்டு அட்டை செருகிய பிறகுதான் அந்த அம்சம் கண் விழிக்கிறது என்றால், அதே காசில் நான் ஒரு பிரிண்ட் பஃபர் வாங்கியிருப்பேன். நினைவிருக்கிறதா? கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் உட்காரும் சின்னப் பெட்டி, உள்ளே 64 கேபி. கடிதத்தை அப்படியே அதற்குள் கொட்டிவிட்டால் கணினி விடுதலை. சிஸ்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

டாஸ்காரன்:

இரண்டு பேரும் சண்டை போடுங்கள், சென்னையில் நாங்கள் பிசி எக்ஸ்டியில் என்ன பண்ணினோம் என்று சொல்கிறேன். 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088, எம்எஸ்-டாஸ். டாஸ் என்றாலே ஒற்றை ஆள். அப்படியும் டாஸ் 2.0-இல் 'பிரிண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டால் பின்னணியில் அச்சாகிக்கொண்டே இருக்கும், நாம் அடுத்த வேலைக்குப் போகலாம். அதாவது மல்டிடாஸ்கிங்கே இல்லாத இடத்தில்கூட ஜனங்கள் முதலில் கேட்டது அச்சடிக்கும் நேரத்தைத்தான்.

அடுத்து 1984-ல் போர்லாண்டின் சைட்கிக் வந்தது. கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து அழுத்தினால் லோட்டஸ் என்ற கணக்குத்தாள் புரோகிராமுக்கு மேலேயே குறிப்பேடு, கால்குலேட்டர், தொலைபேசி எண் பட்டியல். எழுதி முடித்து எஸ்கேப் அடித்தால் லோட்டஸ் விட்ட இடத்தில் நிற்கும். சைட்கிக் திறந்திருக்கும் நேரம் லோட்டஸ் செத்த பிணம், ஒன்றும் ஓடாது. யாராவது கவலைப்பட்டார்களா? எங்கள் ஆபீஸில் ஒருவரும் இல்லை. வேண்டியிருந்தது தாவுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

மக்கின்டாஷிலும் அதே கதை. 1985-ல் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ஸ்விட்சர்: நாலைந்து புரோகிராமை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் திரை பக்கவாட்டில் வழுக்கி அடுத்தது வரும். முன்னால் இருப்பது மட்டும் ஓடும், மற்றவை உறைந்து நிற்கும். ஆக, நான் பச்சைமேசை பக்கம். மல்டிடாஸ்கிங் வேறு, தாவல் வேறு. வீட்டுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

மட்டுறுத்துநர்:

அடாரியையும் கொமடோரையும் வைத்து யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஆரம்பித்த மூன்று பதிவுகளை வேறு திரிக்கு மாற்றியிருக்கிறேன். ஜாக் ட்ராமியேல் 1984-ல் தான் தொடங்கிய கொமடோரை விட்டு வெளியேறி அதே ஆண்டு அடாரியை வாங்கிய கதையைப் பேச வேண்டுமானால் அங்கே போங்கள். இங்கே தலைப்பு மட்டும்.

கோகோ_6809:

அமிகாவுக்கு முன்னாலேயே வீட்டில் மல்டிடாஸ்கிங் செய்தவன் நான், யாரும் கூப்பிடவில்லை என்றாலும் வருகிறேன்.

ரேடியோ ஷாக் விற்ற டிஆர்எஸ்-80 கலர் கம்ப்யூட்டர். 6809 பிராசஸர், 0.89 மெகாஹெர்ட்ஸ். ஆமாம், ஒன்றுகூட இல்லை. 64 கேபி நினைவகம். அதில் மைக்ரோவேர் நிறுவனத்தின் ஓஎஸ்-9 1983 முதல் கிடைத்தது. யூனிக்ஸ் வாசனை அடிக்கும் சிஸ்டம்: கட்டளைக்குப் பின்னால் ஒரு '&' போட்டால் அது பின்னணிக்குப் போய்விடும். சீரியல் போர்ட்டில் ஒரு டெர்மினல் மாட்டினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். திரை வரிக்கு 32 எழுத்து, அதை வைத்துக்கொண்டு எங்களுக்கு மினி கம்ப்யூட்டர் கனவு.

இப்போது என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன். அந்த இயந்திரத்தின் டிஸ்க் கன்ட்ரோலர் ஒரு செக்டரைப் படிக்கும்போது பிராசஸரின் ஹால்ட் கம்பியைப் பிடித்து நிறுத்திவிடும். நின்ற பிராசஸரில் என்ன மல்டிடாஸ்கிங்? டிஸ்க் சுழலும்போது தட்டிய எழுத்துகள் காற்றில் போகும். சீரியல் போர்ட் இன்னும் மோசம்: அதற்கென்று தனி சிப் கிடையாது, ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே நேரம் எண்ணி அனுப்ப வேண்டும். அதாவது பிரிண்டருக்கு அனுப்பும் வேலை 'பின்னணியில்' ஓடுகிறது என்று சிஸ்டம் சொல்லும், உண்மையில் முழு இயந்திரமும் பிரிண்டருக்குக் கைகட்டி நிற்கும். பிற்பாடு 'ஹால்ட் செய்யாத கன்ட்ரோலர்' என்றே விளம்பரப்படுத்தித் தனி அட்டை விற்றார்கள்.

எனவே அமிகாக்காரருக்கு ஒரு கேள்வி. எக்ஸெக் நல்ல சிஸ்டம்தான். அது ஓடியது அமிகாவின் தனிச் சிப்களால்தானே? சிஸ்டத்துக்கு ஏன் பாராட்டுப் பத்திரம்?

டிராப்டோர்_512:

நல்ல கேள்வி. இரண்டும் சேர்ந்துதான் என்பேன். அமிகாவில் ஃபுளொப்பியிலிருந்து ஒரு டிராக் முழுவதும் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே நினைவகத்துக்கு வரும். வந்ததைப் பிரித்தெடுக்கும் வேலையையும் பிளிட்டர் என்ற சிப் பகுதி பார்த்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் பிராசஸர் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பவனை வேறு வேலைக்கு அனுப்ப ஒரு மேஸ்திரி வேண்டாமா? அதுதான் எக்ஸெக்.

அதனால்தான் பச்சைமேசை கேட்கும் விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் 'இரண்டாவது புரோகிராம் எங்கே' என்று தேடுகிறார். ஒரே ஒரு புரோகிராம் ஓடினாலும் அமிகாவுக்குள் ஐந்தாறு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவுக்கு ஒன்று, கோப்பு முறைமைக்கு ஒன்று, மவுசுக்கும் விசைப்பலகைக்கும் ஒன்று. டிஸ்க் படிக்கும்போதும் மவுஸ் சுட்டி வெண்ணெய்போல நகரும்.

512 கேபி, ஒரே டிரைவ், அட்டை எதுவும் வேண்டாம், சரி. புதிய ஃபுளொப்பி ஒன்றை ஃபோர்மட் செய்யக் கொடுத்துவிட்டு நோட்பேடில் தொடர்ந்து எழுதலாம். உங்கள் எஸ்டியின் பச்சை மேசையில் (டெஸ்க்டாப்பில்) ஃபோர்மட் செய்யும்போது என்ன செய்தீர்கள்?

பச்சைமேசை:

தேநீர் குடித்தேன். அதற்கு இவ்வளவு பெரிய சிஸ்டமா?

இளையவன்:

பெரியவர்கள் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எமுலேட்டரில் (பழைய கணினி போல நடிக்கும் மென்பொருளில்) மட்டும்தான் அமிகாவைப் பார்த்திருக்கிறேன். இரண்டு புரோகிராம் திறந்து வைத்திருந்தேன், திடீரென்று கறுப்புத் திரை, சிவப்புக் கட்டம் மினுக்மினுக்கென்று, உள்ளே 'குரு மெடிட்டேஷன்' என்று ஏதோ எண். யார் அந்த குரு? என்ன தியானம்?

டிராப்டோர்_512:

தம்பி, அது அமிகாவை உருவாக்கியவர்களின் வேடிக்கை. அந்தக் கம்பெனி முதலில் அடாரி 2600-க்கு ஜாய்போர்ட் என்று ஒரு பலகை விற்றது, ஏறி நின்று விளையாடுவது. சிஸ்டம் விழும்போதெல்லாம் அதன் மேல் சப்பணம் போட்டு அசையாமல் உட்கார்ந்து மனதை ஆற்றிக்கொள்வார்களாம். அதிலிருந்து வந்த பெயர். கிக்ஸ்டார்ட் (இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம்) 2.04-இல் பெயரை எடுத்துவிட்டு 'சாஃப்ட்வேர் ஃபெயிலியர்' என்று போட்டார்கள். எண்ணின் முதல் பாதி என்ன பிழை, இரண்டாம் பாதி எந்த வேலை என்று சொல்லும்.

பச்சைமேசை:

தம்பி நல்ல நேரத்தில் வந்தார். நான் அடுத்து அதைத்தான் எடுக்க நினைத்தேன்.

அமிகாவில் நினைவகத்துக்கு வேலி கிடையாது. 68000 பிராசஸருடன் நினைவகத்தைக் காக்கும் எம்எம்யூ சிப் இல்லை. ஒரு புரோகிராம் தப்பான இடத்தில் எழுதினால் அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் விழும். ஐந்து புரோகிராம் ஓடினால் குழப்பக்கூடிய ஆட்கள் ஐந்து பேர், எவன் குழப்பினாலும் ஐந்து பேரும் சேர்ந்து குருவிடம் போவார்கள். என் எஸ்டியிலும் வேலி இல்லைதான். ஆனால் அங்கே விழுந்தால் ஒரு வேலைதான் போகும். வேலி இல்லாத இடத்தில் கூட்டுக்குடித்தனம் எதற்கு?

அப்புறம் விளையாட்டுகள். அமிகா 500 வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலோர் வாங்கியது விளையாடத்தானே? அந்த விளையாட்டுகளில் முக்கால்வாசி ஃபிளாப்பியிலிருந்து நேராக பூட் ஆகி, எக்ஸெக்கைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சிப்களைத் தாங்களே கையில் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் ஒர்க்பெஞ்சுக்குத் திரும்ப வழியில்லை, ரீசெட்தான். அமிகாவை நன்றாக அறிந்த புரோகிராமர்களே மல்டிடாஸ்கிங்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்தார்கள்.

மைக்ரோடிரைவ்:

லண்டனிலிருந்து ஒரு குரல். 1984 ஜனவரியில் சின்க்ளேர் கியூஎல் அறிவிக்கப்பட்டது, விலை 399 பவுண்டு. டோனி டெபி எழுதிய க்யூடாஸ் அதில். அமிகா மாதிரியே, புரோகிராம் விட்டுக்கொடுக்கும்வரை காத்திராமல் சிஸ்டமே பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் வகை. 'எக்ஸெக்' (அமிகாவின் எக்ஸெக் அல்ல) என்று கட்டளை கொடுத்தால் புரோகிராம் பக்கத்தில் ஓடும், 'எக்ஸெக்_டபிள்யூ' என்றால் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டும். கன்ட்ரோல்-சி அழுத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நினைவகம் 128 கேபி. திரைக்கு மட்டும் அதில் 32 போய்விடும். ஃபிளாப்பிக்குப் பதில் மைக்ரோடிரைவ்: தீப்பெட்டியைவிடச் சிறிய கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு நாடா, 100 கேபி அளவில். கூடவே இலவசமாக வந்த சியான் மென்பொருள்கள் நல்லவை, ஆனால் ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் வீட்டில் இருக்கிறேன் என்ற நினைப்பில் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே நான் இரண்டாவதாக ஓட்டியது மூலையில் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்தைக் காட்டித்தான் அப்பாவிடம் மல்டிடாஸ்கிங் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதனால் நான் இந்தச் சண்டையில் யார் பக்கமும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் இளம் வயதில் வைத்திருந்தது ஒரு கியூஎல். அந்த இயந்திரத்தால் வீட்டுக்கு என்ன பயன் என்றால், கடிகாரம். அதைப் பிரித்து மேய்ந்த பிள்ளைகளுக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கிறது.

டாஸ்காரன்:

லினஸை இழுத்தால் வாதம் முடிந்துவிடுமா? ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது என்பதற்காக மற்ற வீடுகளும் அதற்கு விலை கொடுக்க வேண்டுமா? விலை என்று நான் சொல்வது பணத்தை மட்டும் அல்ல, நினைவகத்தையும்தான்.

பிடுங்கிக் கொடுப்பது, விட்டுக்கொடுப்பது என்று மைக்ரோடிரைவ் சொன்னதை எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர். மடைக்காரர் இருந்தால் உன் வயல் நிறைந்ததோ இல்லையோ, நேரம் ஆனதும் மடையை மாற்றிவிடுவார். மடைக்காரர் இல்லாவிட்டால் முன் வயல்காரன் பார்த்து விட வேண்டும். அவன் தூங்கிவிட்டால் கடைமடை காய வேண்டியதுதான். அமிகா முதல் வகை. 1987-ல் வந்த மக்கின்டாஷ் மல்டிஃபைண்டர் இரண்டாம் வகை. தண்ணீர் தாராளமாக இருந்தால் மடைக்காரர் பெரிய உதவி. என் வாதம்: 512 கேபி ஏரியில் தண்ணீரே ஒரு வயலுக்குத்தான் காணும்.

டிராப்டோர்_512:

உவமை நன்றாக இருக்கிறது, ஏரியில்தான் பிழை. மடைக்காரர் பங்கிடுவது பிராசஸர் நேரத்தை. நினைவகம் வேறு ஏரி. முதல் ஏரியில் தண்ணீர் நிறைய, இரண்டாவதில் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். குறைவாக இருந்ததற்குக் காரணம் சிப்பின் விலை. அதற்கு மடைக்காரர் என்ன செய்வார்? விலை இறங்கியதும் வயிற்றுக் கதவைத் திறந்து ஓர் அட்டை செருகினேன், சிஸ்டத்தை மாற்றாமல் எல்லாம் ஓடியது. டாஸ்காரர்களால் அது முடிந்ததா? டாஸின் 640 கேபி நினைவகச் சுவரில் முட்டிக்கொண்டு எத்தனை வருடம் நின்றீர்கள்?

பச்சைமேசைக்கு. வேலி இல்லை, உண்மை. நான் அசெம்பிளி எழுதிப் பழகிய நேரம் அரைமணிக்கொருமுறை குரு தரிசனம். எடிட்டர் ஒரு பக்கம், அசெம்பிளர் ஒரு பக்கம், சோதிக்கும் புரோகிராம் இன்னொரு பக்கம். கடைசியது விழுந்தால் மூன்றும் போகும். ஆனால் ஒர்க்பெஞ்ச் 1.3-இல் 'ராட்' என்று ஒரு ரேம் டிஸ்க் (நினைவகத்தையே வட்டுபோல வைத்துக்கொள்வது) கொடுத்தார்கள். ரீசெட் அடித்தாலும் அதில் இருப்பவை அழியாது. எழுதியதை அங்கே சேமித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். விழுந்தால் எழுந்து அங்கிருந்தே தொடருவேன். உங்களிடம் எடிட்டரை மூடி, அசெம்பிளரைத் திறந்து, அதை மூடி, புரோகிராமை ஓட்டி...

பச்சைமேசை:

எஸ்டியிலும் ரீசெட்டுக்குத் தாங்கும் ரேம் டிஸ்க் உண்டு. எடிட்டரும் அசெம்பிளரும் ஒன்றாகவே இருக்கும் டெவ்பேக் உண்டு. மூடித் திறந்த கதை எல்லாம் வேறு யாருக்காவது சொல்லுங்கள்.

டிராப்டோர்_512:

டெவ்பேக் எங்களிடமும் இருந்தது. அதை விடுங்கள், ஏரெக்ஸ் எங்கே? 1987-ல் வில்லியம் ஹாஸ் எழுதியது. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்குக் கட்டளை அனுப்பும். எடிட்டரில் ஒரு விசையைத் தட்டினால் கம்பைலர் ஓடி, பிழை உள்ள வரியில் கர்சர் வந்து நிற்கும். வேறு வேறு கம்பெனிகள் எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசின. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தானே பேச முடியும்? உறைந்து கிடக்கும் ஸ்விட்சர் புரோகிராமோடு யார் கதைப்பது?

டாஸ்காரன்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சைட்கிக் லோட்டஸோடு பேசியதில்லை. திரையில் தெரிந்த எண்ணைக் குறிப்பேட்டுக்குள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சுருதிப்பெட்டி:

ஸ்டுடியோக்காரன். எஸ்டியில் வேலை செய்தவன், அதனால் பச்சைமேசை என்னைத் தன் ஆள் என்று நினைப்பார். அவசரப்பட வேண்டாம்.

எஸ்டியில் மிடி போர்ட்கள் (இசைக்கருவிகளை இணைப்பவை) பெட்டியிலேயே வந்தன, அதனால்தான் ஸ்டுடியோக்கள் அதை வாங்கின. ரெக்கார்டிங் நடக்கும்போது இயந்திரம் வேறு எதையும் நினைக்கக் கூடாது. தாளம் ஒரு நூலிழை தள்ளினாலும் டிரம்மர் முகத்தில் தெரியும். அந்த வகையில் ஒற்றைப்பணி சிஸ்டம் எங்களுக்கு நிம்மதி. இது பச்சைமேசைக்கு.

இனி மற்றது. 1989-ல் வந்த இசை புரோகிராமான கியூபேஸ், எஸ்டியின் சொந்த சிஸ்டத்தை நம்பி உட்காரவில்லை. அதற்குக் கீழே எம்ராஸ் என்று ஸ்டெய்ன்பெர்க் தானே எழுதிய நிகழ்நேர அடுக்கு ஒன்று ஓடியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுரங்களைத் திருத்தலாம், ஜன்னல்களை நகர்த்தலாம், இசை விடாது. போட்டிக்கு இருந்த நோட்டேட்டர் கம்பெனியும் 'சாஃப்ட் லிங்க்' என்று கொடுத்தது, பல புரோகிராம்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள. எஸ்டியின் மிகப் பெரிய பெருமையே, சிஸ்டம் கொடுக்காத மல்டிடாஸ்கிங்கைத் தாங்களே செய்துகொண்ட இரண்டு புரோகிராம்கள்தான்.

டிராப்டோர்_512:

😀

பச்சைமேசை:

சிரிக்க வேண்டாம். சுருதிப்பெட்டி சொன்னது என் கட்சிதான். தேவைப்பட்ட புரோகிராம் தனக்கு வேண்டிய அளவு தானே செய்துகொண்டது, தேவைப்படாதவர்கள் அதற்கு விலை கொடுக்கவில்லை. கொமடோர் 64-இல் விளையாட்டு ஓடும்போது பாட்டும் கேட்டதே, அதுவும் இப்படித்தான். திரை வரையும் இன்டரப்ட் ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு சுரத்தைத் தட்டிவிட்டுத் திரும்பும். அதை யாரும் மல்டிடாஸ்கிங் என்று சொல்லிப் பீற்றிக்கொள்ளவில்லை.

அமிகாவின் மோடம் கதையிலும் ஓட்டை இருக்கிறது. மோடம் மாட்டும் சீரியல் போர்ட்டுக்கு அமிகாவின் பவுலா சிப்பில் இருந்தது ஒரே ஒரு எழுத்துக்கான இடம். வந்ததை எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முதலாவது தொலைந்தது. 2400-இல் சமாளிக்கும். 9600-க்குப் போய், 16 நிறத்தில் உயர் ரெசொலூஷன் திரையும் திறந்தால், திரையே பஸ்ஸின் நேரத்தைத் தின்றுவிடும், பிராசஸர் வாசலில் நிற்கும், எழுத்துகள் கொட்டிப்போகும். அப்போது மோடக்காரர் என்ன செய்வார்? மற்றதை எல்லாம் மூடிவிட்டு, எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார்.

டிராப்டோர்_512:

நாலு நிறத்தில் திரையைத் திறப்பார். நானும் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம், தேவையே இல்லை என்றால் உங்கள் அடாரி 1990-களில் ஏன் மல்டிடாஸ் (எஸ்டி சிஸ்டத்தின் மல்டிடாஸ்கிங் வடிவம்) கொண்டுவந்தது? வெளியே ஒருவர் எழுதிய மின்ட் என்ற சிஸ்டத்தை எடுத்துத் தங்கள் பெயரில் கொடுத்தார்களே.

பச்சைமேசை:

அது ஃபால்கன் என்ற பிந்தைய அடாரியின் காலம், 68030 பிராசஸர். நாம் பேசுவது ஆரம்ப கால வீட்டுக் கணினி.

மைக்ரோடிரைவ்:

ஆரம்ப காலம் என்றால் ஒழுங்காகப் பின்னால் போவோமே. 1981-இன் இசட்எக்ஸ்81. திரைக்குத் தனி வன்பொருள் இல்லை, பிராசஸரே வரி வரியாகப் படத்தை அனுப்ப வேண்டும். 'ஸ்லோ' என்று தட்டினால் படமும் தெரியும், கணக்கும் நடக்கும், ஆனால் பிராசஸர் நேரத்தில் பெரும்பங்கு படத்துக்கே போகும். 'ஃபாஸ்ட்' என்றால் திரை இருண்டுவிடும், கணக்கு ஏறக்குறைய நாலு மடங்கு வேகம். வீட்டில் பயனரே கையால் மாற்றிய முதல் மல்டிடாஸ்கிங் சுவிட்ச் அதுதான் என்று நான் சொன்னால் யாராவது அடிக்க வருவீர்களா?

கோகோ_6809:

நான் வருகிறேன், முகவரி சொல்லுங்கள்.

இளையவன்:

ஃபோர்மட் விஷயத்தை நேற்று இரவு செய்து பார்த்தேன். எமுலேட்டரில் அமிகா 500, 512 கேபி, ஒரே டிரைவ், ஒர்க்பெஞ்ச் 1.3, வேகம் அசல் இயந்திரத்துக்குச் சமமாக. வேறு எதுவும் சேர்க்கவில்லை.

முதலில் நோட்பேடைத் திறந்தேன். பிறகு காலி டிஸ்க்கைப் போட்டு இனிஷியலைஸ் கொடுத்தேன். ஒர்க்பெஞ்ச் டிஸ்க்கைப் போடு என்றது, போட்டேன். காலி டிஸ்க்கைத் திரும்பப் போடு என்றது, போட்டேன். ஃபோர்மட் ஆரம்பித்தது. சிலிண்டர் எண் மேலே ஓடுகிறது, நான் கீழே நோட்பேடில் தட்டுகிறேன், ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. இதுவரை டிராப்டோர் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது.

பாதியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று எழுத்துரு மெனுவைத் தொட்டேன். 'ஒர்க்பெஞ்ச் டிஸ்க்கை ஏதாவது ஒரு டிரைவில் போடு' என்று ஒரு பெட்டி வந்தது. இருப்பது ஒரே டிரைவ், அதற்குள் ஃபோர்மட் நடக்கிறது. இப்போது எடுத்தால் அது கெடும், எடுக்காவிட்டால் நோட்பேட் நகராது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பச்சைமேசை:

தேநீர் குடித்தீர்களா தம்பி?

இளையவன்:

காபி.

டிராப்டோர்_512:

எழுத்துருவைத் தொடாமல் இருந்திருக்கலாமே தம்பி. வெளி டிரைவ் ஒன்று வாங்கினால் அந்தப் பெட்டி வராது.

பச்சைமேசை:

பார்த்தீர்களா, மறுபடி கடைக்கு அனுப்புகிறார்.